குழந்தை தானே டம்ளரில் குடிக்கப் பழக...

அன்னம் ஊட்டல் முடிந்த கையோடு வீட்டில் கிளம்பும் கேள்வி, தண்ணீரை எதில் கொடுப்பது என்பது. ஃபீடிங் பாட்டிலா, மூக்கு வைத்த சிப்பரா, பிறந்ததிலிருந்து புழங்கும் பாலாடையா? சேலையூர் முதல் கூடுவாஞ்சேரி வரை குழந்தைகளுக்கான கடைகளில் விதவிதமான சிப்பர்கள் தொங்குகின்றன. அவை எதுவும் தேவையில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரும், அவசரப்படாத ஒரு பெரியவரும் போதும்.

1. ஆறு மாதம் முடியும் முன் தண்ணீர் வேண்டாம். கத்திரி வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றே சொல்கிறது. நாக்கில் தேன் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

2. டம்ளர் 50 முதல் 100 மில்லி பிடிக்கும் அளவில், விளிம்பு சுருட்டி மழமழவென்று இருக்கட்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் போனால் பாத்திரக் கடையில் கேட்டு வாங்குங்கள். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து எடுங்கள். தாய்மாமன் சீராக வந்த வெள்ளி டம்ளரும் சரிதான். பூ வேலைப்பாடு இருந்தால் அந்த இடுக்கில் பால் தங்கும், தேய்த்துக் கழுவ வேண்டும்.

3. கொடுக்கும் விதம்தான் முக்கியம். மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். முதுகு உங்கள் மார்பில் சாய்ந்திருக்கட்டும், தலை பின்னால் சரியக் கூடாது. பெரிய டம்ளரில் அடியில் கொஞ்சம் ஊற்றினால் ரொம்பவும் சாய்க்க வேண்டிவரும், குபுக்கென்று முகத்தில் கொட்டும். சின்ன டம்ளரை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் லேசாகச் சாய்த்தாலே போதும். விளிம்பைக் கீழுதட்டின் மேல் வையுங்கள். தண்ணீர் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, கையை அப்படியே நிறுத்துங்கள். குழந்தை முதலில் நாக்கை நீட்டி நக்கும், பிறகு மேலுதட்டைக் குவித்து உறிஞ்சும். ஒரு மடக்கு விழுங்கியதும் டம்ளரை நிமிர்த்தி, மூச்சுவிட நேரம் கொடுத்து, அடுத்த மடக்குக்குப் போங்கள். முகத்தைத் திருப்பினால் அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். முதல் சில நாள் பாதிக்கு மேல் கழுத்துத் துணியில்தான் போகும். போகட்டும்.

4. வாயில் ஊற்றாதீர்கள். அண்ணாந்து குடித்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. "ரெண்டு மடக்கு ஊத்தும்மா, தொண்டை காயுது புள்ளைக்கு" என்று ஆயா சொல்வது பாசத்தில்தான். ஆனால் ஊற்றினால் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லாமல் போய்ப் புரை ஏறும். ஏறினால் முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, இருமி முடிக்க விடுங்கள். உச்சந்தலையில் தட்டுவதும், அடங்கட்டும் என்று மேலும் தண்ணீர் கொடுப்பதும் தவறு. இருமவோ அழவோ முடியாமல் மூச்சு அடைத்தால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

5. சில குழந்தைகளுக்குத் தண்ணீர் வேகமாக ஓடிவந்து தடுமாற்றம் கொடுக்கும். நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியில் தொடங்கிப் பாருங்கள். கொஞ்சம் கெட்டி என்பதால் மெதுவாக வரும். உப்பு, சர்க்கரை இரண்டும் ஒரு வயதுவரை வேண்டாம். பழச்சாறும் வேண்டாம், பழத்தையே மசித்துக் கொடுங்கள்.

6. எந்தத் தண்ணீர்? நம் பகுதியில் இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் போர், அடுத்த வீட்டில் மாநகராட்சிக் குழாய், மாடியில் கேன், மார்ச் ஏப்ரலில் எல்லோருக்கும் லாரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்ற சர்ச்சை கிளம்பியதும் நமக்கு மறக்காது. எனவே கேன் தண்ணீரானாலும் குழந்தைக்குக் காய்ச்சியே கொடுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு, மூடிவைத்து ஆறவிடுங்கள். காய்ச்சிய பாத்திரத்திலேயே வைத்து, பிடி நீண்ட கரண்டியால் எடுங்கள், டம்ளரை உள்ளே முக்காதீர்கள். அன்றாடம் புதிதாகக் காய்ச்சுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது கடினநீர். அந்த போர் தண்ணீரைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்காமல், வேறு தண்ணீருக்கு மாறுங்கள். கேனில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கேன் கவிழ்க்கும் டிஸ்பென்சரின் குழாயையும் அடிக்கடி கழுவுங்கள், அங்கேதான் பாசி பிடிக்கும்.

7. எவ்வளவு? ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை, சாப்பாட்டோடு அவ்வப்போது சில மடக்குகள். நாள் முழுவதற்கும் சேர்த்து 120 முதல் 240 மில்லி போதும். சாப்பாட்டுக்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்தால் சாப்பிடாது, பாலும் குடிக்காது. தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். பசும்பாலை ஒரு வயதுக்குப் பிறகே குடிக்கக் கொடுங்கள், அதுவும் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு குறைந்து ரத்தச்சோகை வரும்.

8. டம்ளரைப் பிடுங்கினால் கொடுத்துவிடுங்கள். ஏழெட்டு மாதத்தில் இரு கையாலும் பிடிக்கப் பார்க்கும். அடியில் உங்கள் விரல் ஒன்று தாங்கினால் போதும். வெறும் டம்ளரை விளையாடக் கொடுங்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து அதே மாதிரி டம்ளரில் குடித்துக் காட்டுங்கள். ஒரு வயதை ஒட்டிச் சிந்திச் சிந்தித் தானே குடிக்கும், ஒன்றரை வயதில் ஓரளவு சுத்தமாகவே குடிக்கும். குளிக்கும்போது மக்கில் பழக்க வேண்டாம், உப்பு போர் தண்ணீரை விழுங்கிவைக்கும்.

9. பாட்டில் பழகிவிட்டதா? பகல் வேளைகளில் ஒவ்வொன்றாக டம்ளருக்கு மாற்றி, தூங்கப்போகும் நேரத்துப் பாட்டிலைக் கடைசியில் நிறுத்துங்கள். வாயில் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சொத்தையாகும். நிப்பிளையும் சிப்பரின் உள் வால்வையும் முழுசாகக் கழுவுவது கஷ்டம், நம் கடினநீர் அங்கே வெள்ளைப் படிவத்தையும் சேர்க்கும். ஃபீடிங் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. சிப்பர் கட்டாயம் வேண்டும் என்றால், ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஸ்ட்ரா வைத்ததாக வாங்குங்கள்.

10. ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகும் அம்மாக்கள், பிழிந்த தாய்ப்பாலை மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிவைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும், அடுப்பில் காய்ச்ச வேண்டாம். க்ரெச்சில் விட்டால் டம்ளரையும் கூடவே கொடுத்து, முதல் நாள் நின்று குடிக்கவைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். ஒரே ஆள் பல பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் பாட்டில்தான் சுலபம் என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

11. ஓடும் மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் டம்ளரில் கொடுக்க வேண்டாம், ஒரு குலுக்கலில் புரை ஏறும். வண்டி நின்றபின் கொடுங்கள்.

12. ஒவ்வொரு மடக்குக்கும் இருமினாலோ, மூக்கு வழியாகப் பால் வந்தாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் குறைந்து, அழுதால் கண்ணீர் வராமல், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் அது நீர்ச்சத்து இழப்பு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணச் சந்தேகங்களுக்கு அரசின் 104 எண்ணில் கேட்கலாம்.