கணக்கில் வராத விறகு

சிவகாசி வட்டாரத்தில் வடமலைபுரம் என்றொரு கிராமம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னபோது அந்த வரிசையில் இந்த ஊரும் வந்தது. 1918-ல் அது புத்தகமாயிற்று. 1936–37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறுகணக்கெடுப்பு நடத்தினார்கள். 1980-களில் வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலைபுரத்தை மீண்டும் ஆராய்ந்தார். தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி நாம் படித்ததில் ஒரு பங்கு, அந்த ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பதில்களால் வந்தது.

அந்த ஆய்வுகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவற்றைப் படித்துத்தான் நான் ஆய்வுக்கே வந்தேன். ஆனால் அவற்றின் கேள்வித்தாள்கள் சென்னையில் தயாரானவை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நான் முடிவு செய்தது ஒன்றுதான்: பதிலை ஊர் சொல்வது இருக்கட்டும், முதலில் கேள்வியை ஊர் சொல்லட்டும். அப்படிச் செய்ததில் கற்றவற்றை, இதே வழியில் வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

என் தலைப்பு, கார்பன் குறைந்த பொருளாதாரத்துக்கு விருதுநகர் மாவட்டம் மாறும்போது யாருக்கு நஷ்டம் வரும் என்பது. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ராஜபாளையத்தைக் கார்பன் சமநிலை நகரமாக்கும் வேலையில் டபிள்யூ.ஆர்.ஐ. இந்தியா என்ற ஆய்வு நிறுவனமும் ராம்கோ சமூக சேவை அமைப்பும் இறங்கியிருக்கின்றன. கோவை, நீலகிரி, ராமநாதபுரத்தோடு விருதுநகர் மாவட்டத்துக்கும் கார்பன் குறைப்புத் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா சொன்னது நம் ஊர்த் தெருவுக்கு வந்து சேரும் வழி இதுதான். மாற்றம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோடையில் எங்கள் ஊர் மொட்டை மாடியில் கால் வைத்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

‘நியாயமான மாற்றம்’ என்ற சிந்தனை அமெரிக்கத் தொழிற்சங்கத்தில் பிறந்தது. எண்ணெய், ரசாயன, அணுத்துறைத் தொழிலாளர் சங்கத்தின் டோனி மசோக்கி, நச்சு ஆலைகளை மூடினால் அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளமும் படிப்பும் கொடுங்கள் என்று வாதாடினார். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் அது இடம்பிடித்தது. அந்த வாதத்துக்கு அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: தொழிலாளிக்கு ஒரு ஆலை உண்டு, வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்துக்கு இது ஓரளவு பொருந்தும். அங்கேயும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். எங்கள் மாவட்டத்தில் எரிபொருளை நம்பிப் பிழைக்கிறவர்களில் பலருக்குப் பதிவேடே கிடையாது. அவர்களை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு நான் கண்ட வழி, எரிபொருள் வந்த பாதையில் பின்னோக்கி நடப்பது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பால்கோவாவிலிருந்தே தொடங்கினேன். விறகடுப்பில் காய்ச்சும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. முதலாளியிடம் பேசினால் சிலிண்டர் விலையும் ருசியும் பேச்சில் வரும். கரண்டி பிடிப்பவரிடம் பேசினால் புகையும் கண் எரிச்சலும் வரும். இரண்டையும் எழுதிக்கொண்டு, ‘இந்த விறகு எங்கிருந்து வருது அண்ணாச்சி?’ என்று கேட்டேன். விறகுக் கடைக்குப் போகச் சொன்னார். விறகுக் கடைக்காரர் லாரிக்காரரைக் கைகாட்டினார். செங்கல் சூளைகளிலும் இதே கேள்விதான், இதே லாரிகள்தான். பாதை கிழக்கே, கரிசல் காட்டைத் தாண்டி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலங்காட்டில் போய் முடிந்தது. அங்கே விறகு மட்டுமில்லை, கரிமூட்டமும் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டிய கட்டைகளைக் கவனமாக நெருக்கி அடுக்குவார்கள். மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, குழைத்த மண்ணைப் பூசி மூடுவார்கள். நெருப்பு வைத்த பிறகுதான் உண்மையான வேலை. உள்ளே எரியக் கூடாது, வேக வேண்டும். பூச்சில் வெடிப்பு விட்டுக் காற்றுப் புகுந்தால் அத்தனை கட்டையும் சாம்பல். அதனால் இரவு பகலாக ஒருவர் சுற்றிவந்து வெடிப்பில் ஈரமண் அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புகை வெள்ளையாகக் கிளம்பி, மெலிந்து, நீலம் தட்டும்போது வெந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். அந்த நிறத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கூலியில் தனி மதிப்பு உண்டு, வேறெங்கும் கிடையாது.

சீமைக்கருவேலம், விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க அரசாங்கமே பரப்பிய மரம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. கண்மாய்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள்தான் நிற்கிறது. இந்தப் பின்னணியில்தான், மூட்டம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என்னைக் கேட்டார்: “வேரோட பிடுங்கணும்ங்கிறாக. சரி, பிடுங்கட்டும். மழை பெய்யாத வருசத்துல இந்த முள்ளுதான தாயி எங்களுக்குக் கஞ்சி ஊத்துச்சு. அதுக்குப் பதிலா என்ன தாராகன்னு உன் காகிதத்துல இருக்கா?”

என் காகிதத்தில் மட்டுமில்லை, எந்த நகரத்தின் கார்பன் கணக்கிலும் அது இருக்காது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு (ஐ.பி.சி.சி.) வகுத்த முறைப்படி விறகும் கரியும் எரிந்து வரும் கரியமில வாயுவை எரிசக்தித் துறையின் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. தகவலுக்காகத் தனியே குறித்து வைப்பார்கள். மரம் திரும்ப வளர்ந்து அதை இழுத்துக்கொள்ளும், நில மாற்றக் கணக்கில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் தர்க்கம். அறிவியலாக அது சரி. ஆனால் மொத்தத்தில் சேராத புகைக்குத் திட்டம் வராது, திட்டம் வராத இடத்தில் நஷ்டஈடு என்ற பேச்சே எழாது. அந்த அக்காவின் கேள்வியைத்தான் ஆய்வின் முதன்மைக் கேள்வியாக வைத்தேன்.

இனி, நடைமுறையில் உதவிய சில விஷயங்கள்.

முதலாவது காசு. மூட்டத்துக்காரர் ஒரு நாள் என்னோடு உட்கார்ந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. யு.ஜி.சி. தரும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். கேட்பவருக்குச் சம்பளம் உண்டு, சொல்பவருக்கு இல்லை என்றால் அதில் என்ன நியாயமான மாற்றம்? நெறிமுறைக் குழுக்கள் தயங்கும், காசு கொடுத்தால் பதில் வளையும் என்பார்கள். பதிலுக்குக் காசு என்று எழுதாதீர்கள். ஊரில் சிலரை இணை ஆய்வாளர்களாகச் சேர்த்து, அவர்களுடைய உழைப்பு நேரத்துக்கு மதிப்பூதியம் என்று ஆய்வு முன்மொழிவிலேயே எழுதி அனுமதி வாங்குங்கள். தொடக்கத்தில் எழுதாததைப் பிறகு எந்தக் கணக்குப் பிரிவும் ஏற்காது. எங்கள் குழுவில் சேர்ந்தவர்கள் பிறகு தாங்களே அடுத்த ஊருக்குப் போய்க் கேள்வி கேட்டார்கள். வெட்டுக் கூலி, லாரி வாடகை, தரகு என்று எனக்கு மாதக்கணக்கில் பிடிபடாமல் இருந்திருக்கக்கூடியவை அவர்கள் வாய்ப்பேச்சில் சுலபமாக வந்து விழுந்தன.

இரண்டாவது, எங்கே உட்காருவது. ‘சமூகம் வழிநடத்தும் ஆய்வு’ என்று தலைப்பில் எழுதிவிடலாம். ஊர் என்பது ஒரு சமூகம் இல்லையே. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் ஒரு தெரு வராது. சமுதாயக் கூடம் என்றால் அது யார் கட்டியது என்று பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளி வராந்தா பெரும்பாலும் ஒத்துவரும், எல்லார் பிள்ளைகளும் போகிற இடம் அது. பெண்களோடு தனியாகப் பேசுங்கள், அதையும் நூறு நாள் வேலை முடிந்து வரும் நேரத்தில். கண்மாய் மரத்தை ஏலம் எடுப்பவரும் வெட்டுகிறவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் ஏலம் எடுப்பவர்தான் பேசுவார். அவர் பேச்சும் வேண்டும். வேறொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: எதை எழுதக் கூடாது என்பது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமானது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் வனத்துக்குள் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. மலையடிவாரத்தில் மலைமாடு வைத்திருப்பவர் ‘எங்கே மேய்க்கிறேன்’ என்று என்னிடம் சொன்னால், அது என் குறிப்பேட்டில் தகவல். வேறொருவர் கையில் அபராதச் சீட்டு. அதனால் மேய்ச்சல் பாதை, வெட்டுமிடம் எதற்கும் ஜி.பி.எஸ். புள்ளி எடுக்கவில்லை. வரைபடம் இல்லாத ஆய்வா என்று கருத்தரங்குகளில் கேட்டார்கள். வரைபடம் உண்டு, மண் தரையில் குச்சியால் அவர்களே போட்டது. பார்த்துப் பேசி முடித்துவிட்டுக் காலால் அழித்துவிட்டுப் போனார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் கைரேகையும் கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார், பத்திரம் என்றாலே நிலம் போன கதைதான் அங்கே ஞாபகத்துக்கு வரும். வாய்மொழி ஒப்புதலைச் சாட்சியோடு பதிவு செய்யும் முறைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விறகு, கரியோடு நிற்காமல், நூற்பாலைப் பெண்களிடமும் பேசினேன். தமிழ்நாட்டின் காற்றாலை வளர்ச்சியில் நூற்பாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, தங்கள் மின்செலவைக் குறைக்கக் காற்றாலைகளில் முதலில் பணம் போட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்தக் கணக்கில் ஆலை பசுமைதான். ஷெட்டுக்குள் நிற்கும் பெண்ணோ, “கரண்டு காத்துல வந்தா என்ன, தண்ணியில வந்தா என்னக்கா, உள்ள வேக்காடு அதேதான்” என்றாள். அவளுடைய கேள்வி வேலையிடத்து வெப்பம். அது தனி ஆய்வுக்குரியது, என் ஆய்வில் ஒரு இயல் மட்டும்.

சூரிய மின்பூங்கா பற்றி எல்லாரும் கேட்பார்கள். பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் 2016-ல் வந்தது முதல் எங்கள் கரிசல் பக்கமும் தரிசு தேடி ஆட்கள் வருகிறார்கள். பட்டாவில் தரிசு என்று இருக்கும் நிலத்தில் ஆட்டுக்காரர் கிடை போடுவார், கருவேல நெற்றைக் கோடையில் ஆடுகள் தின்னும், விறகும் அங்கிருந்துதான். நிலத்துக்காரருக்குக் குத்தகை கிடைக்கும், மற்றவர்களுக்கு வேலிதான். நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. வேலி போடுவதற்கு முன்னால் அந்த நிலத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுப்பதைக் கட்டாயமாக்குங்கள் என்பது எங்கள் குழுவின் பரிந்துரை. அதன் வாசகத்தை எழுதியவர் ஒரு கிடை ஆட்டுக்காரர், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

கண்டதைத் திருப்பிக் கொடுப்பதை ஆய்வேடு முடிகிற வரை தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு இயலும் நெறியாளரிடம் போவதற்கு முன்னால், தமிழில், பள்ளி வராந்தாவில் சத்தமாக வாசித்தோம். கரி விலைப் பகுதியில் தரகர் பங்கைக் குறைத்துக் காட்டியிருக்கிறாய் என்று அங்கேயே சண்டை வந்தது. சண்டைக்குப் பிறகு வந்த கணக்கு முன்னதைவிடச் சுத்தமாக இருந்தது. இதைவிடப் பயனுள்ள இன்னொரு வழி கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் நடக்கிறது. ஆய்வில் கண்டதை ஒரு பக்கத் தீர்மானமாகச் சுருக்கி அதில் வைத்தால் ஊராட்சிப் பதிவேட்டில் ஏறும். ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், யாரும் தேட மாட்டார்கள். தீர்மானத்தை ஊர்க்காரர் கலெக்டர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனு நாளில் கையோடு எடுத்துப் போகலாம்.

கட்டுரையில் இணை ஆசிரியராக அவர்கள் பெயரைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் குழுவில் சிலர் பெயர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேர், ஏலக்காரர் பார்த்தால் அடுத்த வருஷம் வேலை தர மாட்டார் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது வேறு: நல வாரியத்தில் எந்தத் தொழில் பெயரில் பதிவது என்று விசாரித்துச் சொல் என்றார்கள். அந்த விசாரணை தனியாக நடக்கிறது, ஆய்வேட்டைவிட மெதுவாக.

கடைசியாக, வருவதானால் மாசி பங்குனியில் வாருங்கள், மூட்டம் போடுகிற காலம். ஆடிப்பூரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வந்தால் தேர் பார்க்கலாம், பேட்டி ஒன்றும் கிடைக்காது. ஐப்பசியில் மழை பிடித்தால் நரிக்குடிப் பாதை சேறு, கரிசல் மண் செருப்பை விடாது.