ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? டிரம்மிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஓடும் கார்களின் ஹேண்ட் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. காலையில் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சரிவில் கேட் திறக்கும்வரை பாதியில் நிற்க வேண்டும். ஹோப் ஃபார்ம் சந்திப்பில் காத்திருக்க வேண்டும். ஐ.டி.பி.எல். பக்கம் வேலை என்றால் அங்கேயும் ஒரு பேஸ்மென்ட். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஹேண்ட் பிரேக் பிடிப்பது அந்தப் பின் டிரம்மைத்தான்.

லிவர் மேலே மேலே வருகிறது, வண்டி நழுவுகிறது என்று போய் நின்றால் பல கடைகளில் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். சீட்டுகளுக்கு நடுவே உள்ள கவரைக் கழற்றி, கேபிள் நட்டை நாலு சுற்று இறுக்குவதோடு சரி. லிவர் உடனே கச்சிதமாக நிற்கும், கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். லிவர் உயர்வதற்கு முதல் காரணம், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடுவது. அதைக் குறைக்கத்தான் உள்ளே ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறது. கேபிளை வெளியிலிருந்து முறுக்கினால், ஷூவோடு சேர்ந்த சின்ன லிவர் தன் இடத்துக்குத் திரும்பாமல் எப்போதும் இழுபட்டே நிற்கும். அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. கேபிளைத் தொடுவது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சமதரையில் லிவரை மெதுவாக இழுத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். எத்தனை டிக்கில் பிடிக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். எண்ணிக்கை கூடினால் ஷூ, அட்ஜஸ்டர், கேபிள் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். சில டிக்கிலேயே லிவர் கெட்டியாகி, வண்டி மட்டும் நழுவினால் ஷூவில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். லிவர் மேலே நிற்காமல் விழுந்தால் கோளாறு லிவரின் பல்லில். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 96-ஆவது விதி, கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் ஒன்றையொன்று சாராமல் இயங்க வேண்டும் என்கிறது. கால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்று இதை விட்டுவிட முடியாது.

அடுத்து வண்டியைத் தூக்க வேண்டும். சோதிப்பதே ஹேண்ட் பிரேக்கை என்பதால் அதை நம்பித் தூக்கக் கூடாது. சமதரை, முதல் கியர், முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, ஜாக்கியில் ஏற்றிய பின் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே கை நீட்டக் கூடாது. பேஸ்மென்ட் சரிவு இந்த வேலைக்கு உரிய இடமே இல்லை.

லிவரை இறக்கி, பின் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். பிறகு ஒருவர் ஒவ்வொரு டிக்காக இழுக்க, மற்றவர் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கோளாறு மற்றப் பக்கத்தில்.

இனி டிரம். கழன்று வராவிட்டால், பல டிரம்களில் அதற்கென்றே இரண்டு மரை துளைகள் இருக்கும். பொருந்தும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினால் தானே வெளியே தள்ளும். டிரம்மும் ஹப்பும் ஒன்றாக இருக்கும் வண்டி என்றால் நடு நட்டைத் திறக்க வேண்டியிருக்கும், அதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது. உள்ளே இருக்கும் கருந்தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனர்; பழைய லைனர்களில் கல்நார் இருந்ததுண்டு. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் தெளித்துத் துடைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரித்தால், ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டுகிறது என்று மறு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். லைனரின் கனத்தைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். டிரம்மின் உச்சபட்ச விட்டம் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கி, ஈரம் தெரிந்தால் சிலிண்டரோடு ஷூவையும் மாற்ற வேண்டும். எண்ணெய் குடித்த லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. அட்ஜஸ்டர் விரலால் திருப்பினாலே சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் சுத்தம் செய்து துளி கிரீஸ். இடதும் வலதும் மரை எதிரெதிராக இருக்கலாம், மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

இங்கே ஒரு நிமிடம் குனிந்து பார்க்க வேண்டிய இடம், அந்தச் சின்ன லிவர். ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கும்போது அது ஷூவின் விளிம்பில் உள்ள தடுப்பில் முழுதாகச் சாய்ந்திருக்க வேண்டும். நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தாலும், யாரோ முன்பே கேபிளை இறுக்கியிருக்கிறார்கள், அல்லது கேபிள் உறைக்குள் சிக்கியிருக்கிறது. முதலில் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாம். அப்போதும் லிவர் திரும்பாவிட்டால் கேபிளை மாற்றுவதே வழி. எண்ணெய் விட்டால் சில நாள்தான் ஓடும்.

டிரம் மெல்ல உரசிக்கொண்டு உள்ளே போகும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, மாட்டி, கால் பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். அதன் பிறகும் டிக் அதிகமாக இருந்தால் மட்டும் கேபிள் நட்டுக்குப் போகலாம். லிவரை இறக்கியதும் இரண்டு சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. லிவர் இறங்கியும் சக்கரம் அசையாது. 2022 செப்டம்பர் மழையில் இந்த ஐ.டி. வட்டாரத்தில் பேஸ்மென்ட்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படி நனைந்து பல நாள் நின்ற வண்டிகளில், துருவேறி ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்து இழுத்தால் லைனர் பெயர்ந்துவிடும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்ட வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் சமதரையில் முதல் கியரும் கட்டையும் போதும், லிவர் கீழேயே இருக்கட்டும்.

புது ஷூ போட்டிருந்தால் அது டிரம்மில் படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை சரிவில் நிறுத்தும்போது கியரில் விட்டு, வண்டி உருண்டால் நடைபாதைத் திட்டில் முட்டி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். படிந்த பிறகு டிக்கை மறுபடி எண்ண வேண்டும்.