செண்பகவல்லியில் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கவில்லை

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் குளங்கள் வற்றும்போதெல்லாம் ஒரே பேச்சு கிளம்புகிறது: மலைமேல் செண்பகவல்லி அணை நிறைந்து கிடக்கிறது, கேரளா அதை அடைத்து வைத்திருக்கிறது, திறந்துவிட்டால் எல்லாக் குளமும் பெருகிவிடும். இது முழுத் தவறு; நம் நியாயமான கோரிக்கையையே கெடுக்கும் தவறு. செண்பகவல்லி நீரைத் தேக்கும் அணை அல்ல. மேற்கே பெரியாற்றுப் பக்கம் இறங்கும் ஓடைநீரை மறித்துக் கிழக்குச் சரிவுக்குத் திருப்பிவிட, சிவகிரி ஜமீன் காலத்தில் ஏற்பட்ட தடுப்புச் சுவரும் கால்வாயும்தான் அது. கேரள வனப்பகுதிக்குள் இருக்கும் அந்தச் சுவர் உடைந்ததால் நீர் தன் பழைய சரிவிலேயே ஓடிப்போகிறது. யாரும் அதை அடைத்து வைக்கவில்லை. அடைக்க வேண்டிய உடைப்பை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். திறக்கச் சொல்லி மனுக் கொடுத்தால், திறப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்ற ஒரே பதிலில் கோப்பை மூடிவிடுவார்கள்.

அந்தச் சுவரின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. ராயகிரி, மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் ஊர். ஆனி, ஆடியில் மேற்குச் சரிவு நனையும்போது இங்கே காற்றுதான் அடிக்கும். குளத்தை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழை. தென்மேற்குப் பருவத்தின் நீரில் ஒரு பங்கையாவது வைப்பாற்றுப் படுகைக்குக் கொண்டுவந்ததுதான் செண்பகவல்லி செய்த வேலை. அது பெருவெள்ளம் அல்ல, தொடர்ந்து வரும் சிறு நீர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. ஒரு கால்வாயில் 20 கன அடி வருவதாக வைத்துக்கொண்டால், 1 கோடி கன அடி கொள்ளும் ஒரே குளம் நிரம்ப, வழியில் ஒரு சொட்டும் குறையாமல் வந்தாலும் ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். ஒரே நாளில் எல்லாக் குளமும் மறுகால் பாயும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்ததே இல்லை.

கேரளாவுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்லக்கூடும். இல்லை. பழுதுபார்க்கத் தமிழகம் தன் பங்காகக் கட்டிய பணத்தைக் கேரளம் திருப்பி அனுப்பியது அநியாயம். சுவரைக் கட்டியே ஆகவேண்டும். ஆனால் அங்கிருந்து இறங்கும் நீர் முழுவதும் அரபிக்கடலுக்குப் போகிறது என்பதும் பொய். அது முல்லைப் பெரியாறு அணைக்குப் போகிறது. அந்த அணை நீரில் ஒரு பகுதி 1895 முதல் சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, தேனியிலும் மதுரையிலும் தமிழக வயலில்தான் பாய்கிறது. ஆகவே வறட்சி ஆண்டில் நாம் திருப்பும் நீர் வைகைக்காரர்களின் பங்கையும் தொடும். அணையின் நீர்மட்டம் உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடியை நெருங்கி, உபரி இடுக்கிக்குப் போகும் நாட்களில் திருப்பினால் தமிழகத்தில் யாருக்கும் நட்டமில்லை. நம் வாதத்தில் பலமான இடம் அதுவே. அதை யாரும் பேசுவதில்லை.

தண்ணீர் பற்றிய மற்றத் தவறான பேச்சுகள் சில்லறை. சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. குளத்துக்குள் இடத்தை அடைத்து வரத்தை மறிக்கிறது, வெட்டுவதற்கு அந்தக் காரணமே போதும். ஓடைதோறும் தடுப்பணை கட்டினால் நீர் பெருகும் என்பதும் சரியல்ல. தடுப்பணை நீரை உண்டாக்காது. மேலே தேங்கியது கீழ்க் குளத்துக்குக் குறையும்.

எந்த ஓடையில் எந்த நாள் எவ்வளவு நீர் வந்தது என்ற கணக்கு கையில் இல்லாமல் எந்தப் பேச்சுவார்த்தையிலும் வெல்ல முடியாது. சுவர் எழும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு வரத்துக் கால்வாயின் தலைப்பிலும் ஓர் அளவுகோல் நட்டு, தினசரி அளவைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போட ஆகும் செலவு மிகச் சிறியது. இந்த ஐப்பசி மழைக்கு முன்பே அதைச் செய்யும்படி மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள்.