டிவியில் புயல் செய்தி: எப்படிக் கேட்பது? எப்படிப் புரிந்துகொள்வது?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிப்பதற்கான பாடம்)



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன் பேசி முடித்த பிறகு பேச்சு தானாக மழைக்கும் புயலுக்கும் போய்விடும். கடற்கரைத் தெருவிலும் சரி, உப்பளம் பக்கமும் சரி, நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு இதுதான்: "இவங்க வரும்னு சொன்னா வராது, வராதுன்னு சொன்னா வந்துடும்." இன்னொரு சகோதரி கேட்பார்: "செவ்வாய் கிரகத்துக்கே ராக்கெட் விடுறாங்க, நாளைக்கு மழை எங்க பெய்யும்னு சொல்லத் தெரியலையா லாத்தா?" வேறொருவர், "டிவிக்காரனுக்கு வேற வேலை இல்ல, சும்மா பயமுறுத்துறான்" என்று முடித்துவிடுவார்.

இந்தக் கேள்விகளைக் கேலி என்று நாம் ஒதுக்க வேண்டாம். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் இருந்தால் நாம் இழப்பது ஆடு, மாடு, வலை, வீடு, சில நேரம் உயிர். ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ராக்கெட் சரியாகப் போகிறது, புயல் ஏன் மாறுகிறது?

மங்கள்யான் விண்கலம் 2013 நவம்பர் 5இல் புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதையைச் சேர்ந்தது. அது போன வழியில் காற்று இல்லை, மேகம் இல்லை. சூரியனும் கோள்களும் இழுக்கிற இழுப்பைக் கணக்குப் போட்டுவிடலாம். வழியில் கொஞ்சம் விலகினாலும் இங்கிருந்தே திருத்தலாம்.

புயல் அப்படி இல்லை. அது தானாக ஒரு திசையைத் தேர்ந்து போவதில்லை. சுற்றியிருக்கும் பெரிய காற்றோட்டங்கள்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறோம். கல்லணைக்கு ரொம்ப தூரம் மேலே, ஆற்றில் ஒரு தேங்காய் மட்டையைப் போடுங்கள். அது காவிரியில் போகுமா, வெண்ணாற்றில் போகுமா, நம் பக்கம் வரும் புது ஆற்றில் திரும்புமா, கொள்ளிடத்தில் விழுமா? போட்ட உடனே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அணையை நெருங்க நெருங்க, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துச் சொல்லலாம். முதலில் "காவிரிக்குப் போகலாம்" என்றவர் பிறகு "இல்லை, புது ஆற்றுக்குத் திரும்புது" என்றால் அவர் பொய் சொன்னதாக ஆகுமா? கிட்டே வந்ததும் நன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான். புயல் செய்தியும் இப்படித்தான். ஐந்து நாள் முன்பு சொன்னதைவிட ஒரு நாள் முன்பு சொன்னது துல்லியமாக இருக்கும். எனவே பழைய செய்தியைப் பிடித்துக்கொள்ளாமல் கடைசியாக வந்த செய்தியைக் கேட்பதுதான் முறை.

கஜா நமக்குக் கற்றுக் கொடுத்தது

2018ஆம் ஆண்டை நாம் மறக்க மாட்டோம். அந்த வருஷம் அக்டோபர் 7ஆம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்கு 'ரெட் அலர்ட்' என்று எல்லா டிவியிலும் ஓடியது. ஜனங்கள் பதறினார்கள். பிறகு அந்த எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. "பாத்தீங்களா, புஸ்வாணம்" என்று ஊரே சிரித்தது.

அடுத்த மாதமே கஜா வந்தது. முதலில் கடலூருக்கும் ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவில் கரை கடக்கும் என்றார்கள். பிறகு பாதை தெற்கே இறங்கியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாற்றினார்கள். கடைசியில் நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, 'கடலூர் முதல் பாம்பன் வரை' என்றால் அதிராம்பட்டினமும் அதற்குள் அடக்கம். டிவியில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை என்பதால் நாம் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை.

இரண்டு, புயல் ஒரு புள்ளி கிடையாது. கரை கடந்த இடம் நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்தில். ஆனால் புயலின் காற்றும் மழையும் நூறு, இருநூறு கி.மீ. அகலத்துக்கு இருக்கும்.

மூன்று, "புயல் கரையைக் கடந்தது" என்ற செய்தி வந்தால் "முடிஞ்சு போச்சு" என்று நினைத்துவிடுகிறோம். கடலோரத்தில் இருப்பவருக்குத்தான் அது கடப்பது. உள்ளே இருப்பவருக்கு அப்போதுதான் ஆரம்பம். கஜா மேற்கே நகர்ந்து திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிவிட்டு, திண்டுக்கல் பக்கம் போய், கேரளாவைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் விழுந்தது கரை கடந்த பிறகுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கஜா கரை கடக்கும் முன்பே எண்பதாயிரத்துக்கும் அதிகமானோரை முகாம்களுக்கு அழைத்துச் சென்றார்கள். இன்சாட் செயற்கைக்கோள்களும் காரைக்கால், சென்னை ரேடார்களும் புயலைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோது இந்த வசதி எதுவும் இல்லை. பயணிகளோடு வந்த ரயிலையே அலை கொண்டுபோயிற்று. அப்படிப் பார்த்தால் விஞ்ஞானம் நமக்கு எவ்வளவு தந்திருக்கிறது என்று தெரியும்.

செய்தியில் வரும் வார்த்தைகளுக்கு என்ன பொருள்?

ரமணன் சார் டிவியில் வந்தால் பள்ளிக்கூடம் லீவு என்று பிள்ளைகள் குதித்த காலம் உண்டு. அவர் 2016இல் ஓய்வு பெற்றார். பிறகு பாலச்சந்திரன் சார் வந்து சொன்னார். ஆட்கள் மாறினாலும் சொல்லும் வார்த்தைகள் ஒன்றுதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்கு இருக்கிறது.

'ஓரிரு இடங்களில் மழை' என்றால், மழை அளக்கும் இடங்களில் கால் பங்கு அல்லது அதற்குக் குறைவான இடங்களில் பெய்யும் என்று அர்த்தம். 'பல இடங்களில்' என்றால் பாதிக்கு மேல். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஆகவே 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று சொல்லி நம் தெருவில் தூறல்கூட விழவில்லை என்றால், சொன்னது தப்பு என்று ஆகாது. மல்லிப்பட்டினத்தில் பெய்திருக்கலாம்.

'கனமழை' என்றால் ஒரு நாளில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை. 'மிக கனமழை' 12 முதல் 20 செ.மீ. வரை. 'அதி கனமழை' அதற்கும் மேல். ஒரு செ.மீ. மழை என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 40 ஆயிரம் லிட்டர். ஒரு மா நிலத்துக்கு 13 ஆயிரம் லிட்டர். 20 செ.மீ. பெய்தால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் நாற்றங்காலில்தான் நிற்கும்.

மஞ்சள் நிறம் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டே இரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. நிறங்கள் முதலில் அதிகாரிகளை உஷார்ப்படுத்துவதற்காக வந்தவை. நமக்கும் அவை உதவும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. "8ஆம் நம்பரை விட 9ஆம் நம்பர் பெரிய புயல்" என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 8, 9, 10 மூன்றுமே தீவிரப் புயலுக்கான பெரிய அபாயக் கூண்டுகள். 8, 9 இரண்டும் புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைச் சொல்கின்றன. 10 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் கடக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இந்தக் கூண்டுகள் முக்கியமாகக் கப்பல்களுக்கானவை.

காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து "சின்ன புயல்தான்" என்று சொல்லிவிடவும் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், காற்றில் கஜா அளவுக்கு இல்லை. ஆனால் மெதுவாக நகர்ந்ததால் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

டிவி வேறு, வானிலை மையம் வேறு

வானிலை மையம் சொல்வது ஒரு பக்கத் தகவல். டிவிக்கு இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டியாக வேண்டும். அதனால் சிவப்புப் பட்டை, 'பிரேக்கிங் நியூஸ்', அலையில் நின்று கத்தும் நிருபர், பழைய புயலின் படங்கள் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. டிவியைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: யார் சொன்னது? எப்போது சொன்னது? எந்த இடத்துக்கு? எவ்வளவு பலம்? நான்குக்கும் பதில் இல்லாத செய்தி அரட்டை. "நாசா சொல்லிடுச்சாம்" என்று செல்போனில் வருவதற்கும் இதே சோதனைதான்.

டிவியால் முடியாத காரியமும் உண்டு. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் டிவி செத்துப்போனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வேகமாக உருவானபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழ்நாடு, கேரள மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. செய்தி இருந்தால் மட்டும் போதாது. அது ஆளிடம் போய்ச் சேர வேண்டும். அந்தக் கடைசி வேலையைச் செய்ய நம் குழுக்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

போய்விட்டு சும்மா திரும்பி வந்தால்?

"போன தடவை முகாமுக்குப் போயி, கொசுக்கடியில ராத்திரி பூரா உக்காந்துட்டு வந்தோம். ஒண்ணுமே வரல" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் உண்மை. இதைக் குழுக் கணக்குப் போலவே போட்டுப் பார்ப்போம். போய்விட்டுப் புயல் வராவிட்டால் செலவு: ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு நாள் கூலி. போகாமல் இருந்து புயல் வந்துவிட்டால் செலவு: கணக்கில் அடங்காது. பத்து தடவை போய் ஒன்பது தடவை சும்மா திரும்பி வந்தாலும் அந்தப் பத்தாவது தடவைக்கு அது ஈடாகும். மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம். மாடு சாகவில்லையே, பணம் வீண் என்று யாராவது அழுகிறோமா?

குழுவாகச் செய்ய வேண்டியவை

1. புயல் காலத்தில் கடைசியாக வந்த செய்தியைக் கேட்டுச் சொல்ல ஒரு உறுப்பினரையும், அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் தேர்ந்தெடுங்கள்.
2. பேட்டரி ரேடியோ ஒன்று குழுவுக்குப் பொதுவாக இருக்கட்டும். செல்போன்களை முன்கூட்டியே சார்ஜ் போட்டு வையுங்கள். அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியைப் பிள்ளைகளிடம் சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள்.
3. தீர்மானப் புத்தகம், பேரேடு, பாஸ்புத்தகம், ரேஷன் கார்டு, ஆதார், பட்டா ஆகியவற்றைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, எடுத்துப்போக வசதியாக வையுங்கள்.
4. தனியாக வாழும் மூதாட்டிகள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் யார் யார், அவர்களை யார் அழைத்துப் போவது என்று பெயர் எழுதுங்கள்.
5. ஆடு மாடுகளைத் தறியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். மேடான இடத்துக்கு ஓட்டுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விடுங்கள்.
6. பலத்த காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே பலத்தோடு அடிக்கும்.
7. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. இவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கூட்டத்தில் விவாதிக்க

• கஜாவின்போது நம் குழுவில் யாருக்கு எப்போது, யார் மூலம் செய்தி வந்தது? யாருக்கு வரவில்லை?
• இன்று மாலை டிவி வானிலைச் செய்தியைக் கேட்டு நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.
• மழைச் செய்திப் பட்டியலில் 'அதிராம்பட்டினம்' என்று நம் ஊர்ப் பெயரும் வரும். நம் ஊரிலேயே வானிலை ஆய்வு மையத்தின் அளவு நிலையம் இருப்பதுதான் காரணம். ஒரு மாதம் அந்த அளவைக் குறித்து, நாம் கண்ணால் பார்த்த மழையோடு ஒப்பிடுங்கள்.

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மேகத்தைப் பார்த்து உப்பை அள்ளி மூடுகிற நம் சகோதரிக்கும் அது கொஞ்சம் தெரியும். அவர் கண்ணால் பார்ப்பதையும் ரேடார் பார்ப்பதையும் சேர்த்து யோசித்தால் நாம் பயந்து ஓடவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். இந்தப் பாடத்தை வாசித்து முடித்ததும், முதல் ஏழு குறிப்புகளில் எவற்றை உங்கள் குழு செய்யப் போகிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அனைவரும் கையெழுத்திடுங்கள்.