விதை போட்டால் தாய் வராது!

போன தை மாசம் ஒரு நாள் காலை. மூட்டுவலித் தைலத்துக்காக வழக்கமாக வரும் ஓர் அம்மா, ஒரு பூந்தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குன்னூரில் இருக்கும் என் வைத்தியசாலைக்குள் நுழைந்தார்.

"தைலம் அப்புறம் ஐயா. முதல்ல இதைப் பாருங்க."

தொட்டியில் மூன்று மூன்று இலையாக ஒரு செடி. நடுவே சுண்டைக்காய் பருமனில் ஒரே ஒரு சிவப்புப் பழம். ஸ்ட்ராபெர்ரி!

ஊட்டி ரோட்டில் ஒரு பெட்டி பழம் வாங்கினாராம். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காயைவிடப் பெரிசு, நல்ல இனிப்பு. பழத்தின் மேலிருந்த விதையை ஊசியால் கிளறி எடுத்து, ஈரத் துணியில் வைத்து, முளைக்க வைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் பேத்தியைப் போலப் பார்த்துக்கொண்டாராம். "கடைசில காய்ச்சது இது. வாயில வச்சா புளி. உரம் பத்தலையா, மண்ணு சரியில்லையா? நான் என்ன ஐயா தப்பு பண்ணினேன்?"

"மண்ணும் நல்லாத்தான் இருக்கு. உங்க மேலயும் தப்பு இல்லம்மா. விதை போட்டா தாய் வராது, அவ்வளவுதான்" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாம்பழம் நமக்குத் தெரியும். நல்ல மல்கோவாவைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைப் புதைத்தால் மல்கோவா வருமா? அதனால்தான் நர்சரியில் ஒட்டுக்கன்று கேட்டு வாங்குகிறோம். வாழைக்குப் பக்கக்கன்று. ஸ்ட்ராபெர்ரிக்கு ஓடுதண்டு. தாய்ச்செடியிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு தரையில் ஓடி, கணுவில் வேர்விட்டு, புதுச் செடியாக நிற்கும். நம் வல்லாரை படர்கிறதே, அதே முறை. அப்படி வந்த செடி தாயின் அச்சு அசல் நகல். விதையில் வந்ததோ தனிப் பிள்ளை. யார் ஜாடை வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பழத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் பழம் என்று கடிக்கிற சதை உண்மையில் பழமே இல்லை. பூவைத் தாங்கிய தளம் உப்பி நிற்பதுதான் அது. மேலே புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கிறதே, அவைதான் தாவர சாஸ்திரப்படி நிஜமான காய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. 1950ல் நீட்ச் என்ற விஞ்ஞானி பிஞ்சிலேயே அந்தப் புள்ளிகளை எல்லாம் கிள்ளி எடுத்துப் பார்த்தார். சதை வளரவே இல்லை. ஒரு பக்கத்துப் புள்ளிகளை மட்டும் விட்டு வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் உப்பியது! வளரச் சொல்லும் ஹார்மோன் அந்தப் புள்ளிகளிலிருந்துதான் வருகிறது. கோணல்மாணலான பழம் கையில் கிடைத்தால் பூச்சி கடித்தது என்றே நினைக்க வேண்டாம். அந்தப் பக்கம் மகரந்தம் சரியாகச் சேராமல் போயிருக்கலாம்.

ஒரு பழத்தில் சுமார் 200 புள்ளிகள். அப்படியானால் 200 பிள்ளைகள், 200 ஜாடை. அந்த அம்மா நட்டது அதில் ஒன்று. அது புளித்துவிட்டது.

ஏன் இத்தனை ஜாடை? அதற்கு இந்தப் பழத்தின் பூர்வீகத்துக்குப் போகவேண்டும்.

ஐரோப்பாவில் காட்டு ஸ்ட்ராபெர்ரி ஆதியிலிருந்தே உண்டு. மணம் பிரமாதம்; ஆனால் பழம் விரல்நுனி அளவுதான். வட அமெரிக்காவிலிருந்து போன வர்ஜீனியா வகையும் சின்னதுதான். 1712ல் பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி, ஃப்ரெஸியே என்ற ராணுவப் பொறியாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார். வியாபாரி வேஷத்தில் போய், சிலி, பெரு நாடுகளில் இருந்த ஸ்பானியக் கோட்டைகளைப் படம் பிடித்து வர வேண்டும். ஆசாமி கோட்டைகளையும் பார்த்தார், அங்கே பழங்குடி மக்கள் தோட்டம் போட்டு வளர்த்த பெரிய பெரிய ஸ்ட்ராபெர்ரிகளையும் பார்த்தார். திரும்பும்போது செடிகளைக் கப்பலில் ஏற்றினார். மாதக்கணக்கில் கடல் பயணம், குடிக்கிற தண்ணீருக்கே அளவு. 1714ல் மார்ஸேல் துறைமுகத்தில் இறங்கும்போது உயிரோடு இருந்தவை 5 செடிகள்.

ஐந்தும் நன்றாக வளர்ந்தன, பூத்தன. காய்க்கவில்லை! காரணம், அவை எல்லாமே பெண் செடிகள். பெரிய பழமாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தவர், மகரந்தம் மட்டும் தருகிற ஆண் செடியை விட்டுவிட்டார். பல வருஷங்கள் கழித்து, பிரான்ஸின் மேற்குக் கடற்கரையில் பிரெஸ்ட் நகரத்துப் பக்கத்து விவசாயிகள் சிலி செடிக்கு இடையிடையே வேறு வகைகளை நட்டபோதுதான் பழம் கிடைத்தது. வர்ஜீனியா மகரந்தம் சிலிப் பூவில் விழுந்து பிறந்த குழந்தைதான் இன்று உலகம் முழுக்கச் சாப்பிடுகிற தோட்டத்து ஸ்ட்ராபெர்ரி. இரண்டு கண்டத்து அம்மா அப்பாவுக்கு மூன்றாவது கண்டத்தில் கல்யாணம்!

இதன் பெற்றோர் யார் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் துஷேன் என்ற பிரெஞ்சு இளைஞர். 1766ல் ஸ்ட்ராபெர்ரிக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபதைத் தொடவில்லை. குரோமோசோம் என்ற வார்த்தைகூட இல்லாத காலம். இலையை, பூவை, பழத்தை, வாசனையை உற்றுப் பார்த்தே சொன்னார். அன்னாசி வாசனை அடித்ததால்தான் இந்தச் செடியின் தாவரப் பெயரிலேயே 'அனனாஸா' ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். ஐரோப்பியக் காட்டு வகைக்கு 14 குரோமோசோம். சிலிக்கும் வர்ஜீனியாவுக்கும் 56. கணக்கு ஒத்துப்போனதால் குடும்பமும் தழைத்தது. மனிதருக்கு இரண்டு தொகுதி என்றால் இதற்கு எட்டு. சீட்டுக்கட்டு எட்டு மடங்கானால் கலைக்கும்போது எத்தனை விதமாக விழும்! அதுதான் இத்தனை ஜாடைக்குக் காரணம்.

இந்தக் கலைந்த சீட்டிலிருந்து ஒரு நல்ல கையைத் தேடி எடுப்பதுதான் புது ரகம் உண்டாக்குவது. புளோரிடா பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிய 'ஸ்ட்ராபெர்ரி ஃபெஸ்டிவல்' என்ற ரகத்தையே எடுத்துக்கொள்வோம். 1995ல் 'ரோஸா லிண்டா', 'ஓஸோ கிராண்டே' என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்தார்கள். எப்படிச் சேர்ப்பது? தாயாக வைத்துக்கொள்ளும் செடியில் மொட்டு விரியப்போகிற சமயம் பார்த்து, அதன் மகரந்தப்பைகளைச் சின்ன இடுக்கியால் நீக்கிவிடுவார்கள். தன் மகரந்தம் தன் மேலேயே விழக் கூடாதல்லவா? பிறகு தகப்பன் செடியின் உலர்ந்த மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுத் தடவி, தேனீ அண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். சுமார் ஒரு மாசத்தில் பழம் சிவக்கும். அதன் விதைகளை முளைக்க வைத்து, நாற்றுகளைத் தோட்டத்தில் நடுவார்கள். ஒரு கலப்போடு நிற்பதில்லை. வருஷத்துக்குப் பல கலப்புகள், ஆயிரக்கணக்கில் நாற்றுகள்.

அடுத்தது கழித்துக் கட்டுகிற வேலை. இதற்குத்தான் கல்நெஞ்சு வேண்டும். வரிசை வரிசையாக நடந்து, பார்த்து, கடித்து, துப்பி, முக்கால்வாசிக்கு மேல் வேண்டாம் என்று தள்ளுவார்கள். இனிப்பாக இருக்கும், மறுநாளே கொழகொழக்கும். கெட்டியாக இருக்கும், சாரமே இருக்காது. எல்லாம் சரியாக இருக்கும், வேரழுகல் வந்துவிடும். தப்பிய சிலவற்றை ஓடுதண்டு மூலம் பெருக்கி, அடுத்த பருவம் மறுபடி சோதனை. அதற்கடுத்த பருவமும் அப்படியே. அதுவரை பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஃபெஸ்டிவலுக்குப் பெயர் கிடைத்து வெளியே வந்தது 2000ல். ஐந்து வருஷம் என்பது இந்தத் துறையில் அதிகம் இல்லை. கலிபோர்னியாவில் பிரிங்ஹர்ஸ்ட், வோத் என்ற இருவர் 1950களில் யூட்டா மலையிலிருந்து ஒரு காட்டுச் செடியைக் கொண்டுவந்தார்கள். பகல் நீளமா குட்டையா என்று பார்க்காமல் பூக்கும் குணம் அதற்கு இருந்தது. ஆனால் பழம் அற்பம். அதைப் பெரிய பழ ரகங்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, விற்பனைக்கு ரகம் வந்தபோது 1980ஐ நெருங்கிவிட்டது. கால் நூற்றாண்டு!

பெயர் வைத்தால் போதுமா? பெயருக்குச் சொந்தமான உருவத்தை எழுதி வைக்க வேண்டுமே. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு புது ஸ்ட்ராபெர்ரி ரகத்தை எப்படி வர்ணிக்கிறார்கள் தெரியுமா? கவிதை கிடையாது. செடி நிமிர்ந்ததா, படர்ந்ததா? நடு இலையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம்? அடிப்பக்கம் கூர்மையா, வட்டமா? காம்பிலுள்ள ரோமம் மேல் நோக்கியா, பக்கவாட்டிலா? பூ இலைக்கு மேலே நிற்கிறதா, கீழே ஒளிகிறதா? இதழ்கள் விலகியா, தொட்டுக்கொண்டா, ஒன்றன் மேல் ஒன்றா? பழம் கூம்பா, இதயமா, உருண்டையா? புள்ளிகள் சதைக்குள் அமுங்கியா, சமமாகவா, துருத்தியா? தலைப் பசுமிலைகள் பழத்தோடு ஒட்டியா, மேலே மடங்கியா? வெட்டினால் உள்ளே சிவப்பா, வெளுப்பா, நடுவில் பொந்து உண்டா? நிறத்தைக்கூட வெறுமனே சிவப்பு என்று எழுதுவதில்லை. லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் வண்ண அட்டையை அருகில் வைத்து, அட்டை எண்ணைக் குறிப்பார்கள். கூடவே, ஏற்கெனவே உள்ள எந்த ரகம் இதற்கு ரொம்ப நெருக்கம், அதிலிருந்து இது எந்த இடத்தில் விலகுகிறது என்றும் எழுத வேண்டும். நம் நாட்டில் 2001ல் வந்த தாவர ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் இதையேதான் கேட்கிறது. மற்றதிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பெருக்கினாலும் குணம் மாறக் கூடாது.

'ஒரு பழத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று தோன்றுகிறதா? எனக்குத் தோன்றாது. காரணம் சொல்கிறேன்.

நான் தொழில் தொடங்கின புதுசு. படிப்பில் கவனம் நிற்கவில்லை என்று ஒரு பையனை அழைத்து வந்தார்கள். சூரணத்துக்கு வேண்டிய சரக்குகளை எழுதி வெளியூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். நான் நினைத்தது நீர்ப்பிரமி. அவசரத்தில் 'பிரமி' என்று மட்டும் எழுதிவிட்டேன். வடக்கே பல இடங்களில் வல்லாரையைத்தான் பிரமி என்பார்கள். வந்தது வல்லாரைப் பொடி. பொடியாகிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை! அடுத்த முறை முழுச் சரக்காக வந்தபோதுதான் பிடிபட்டது. வல்லாரை இலை நீண்ட காம்போடு சிறுநீரக வடிவில், ஓரம் பல் பல்லாக இருக்கும். நீர்ப்பிரமி இலை சின்னது, தடித்தது, காம்பில்லாமல் எதிரெதிராக அமர்ந்திருக்கும். பையனுக்குக் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் கொடுக்க நினைத்த மருந்து அவன் வயிற்றுக்குள் போகவே இல்லை. கல்லூரியில் குணபாட ஆசிரியர் சுவை, தன்மை, பிரிவு, செய்கை சொல்லித் தருவதற்கு முன்னால் 'செடியைச் சரியாகச் சொல்' என்று ஏன் அத்தனை முறை கேட்டார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றுமுதல் பெயரோடு தாவரப் பெயரையும் எழுதுகிறேன், பொடியாக வாங்குவதில்லை.

'ஸ்ட்ராபெர்ரி வாதமா, பித்தமா?' என்று கேட்டு வருகிற கடிதங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நம் பழைய நூல்களில் இந்தப் பழம் இல்லை. அப்போது இந்தப் பழமே பிறக்கவில்லையே! இல்லாததை இருப்பதாகச் சித்தர்கள் தலையில் ஏற்ற எனக்கு மனசில்லை. இன்றைய உணவு அட்டவணைப்படி 100 கிராமில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் வைட்டமின் சி, சர்க்கரை சுமார் 5 கிராம்தான். சர்க்கரை நோயாளிகள் நாலைந்து பழம் பயப்படாமல் சாப்பிடலாம். மேலே சர்க்கரையும் கிரீமும் கொட்டினால் அந்தக் கணக்கு வேறு. சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வாயைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் வரும். முதல் முறை ஒன்றே ஒன்று கொடுத்துப் பாருங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெல்லிய தோல், தரையோடு விளைவது. ஆகவே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அதன் பிறகே காம்பைக் கிள்ளுங்கள்.

எல்லா ஸ்ட்ராபெர்ரியும் ஏன் ஒரே ருசியாக இல்லை என்பதும் ரகத்தில்தான் இருக்கிறது. மகாபலேஷ்வரில் 'ஸ்வீட் சார்லி', 'காமரோசா', 'விண்டர் டான்' என்று பல ரகங்கள் நடுகிறார்கள். ஸ்வீட் சார்லி பெயருக்கேற்ற இனிப்பு, கொஞ்சம் மென்மை. காமரோசா கெட்டி, லாரிப் பயணம் தாங்கும். பீச் பழம் போல மணக்கவைக்கும் ஒரு வாசனைப் பொருள் சில ரகங்களில் உண்டு, சிலவற்றில் துளிகூடக் கிடையாது. ஒரே ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது அது. தூரத்துச் சந்தைக்காகக் கெட்டித்தன்மையையே தேடித் தேடி எடுத்ததில் வாசனை பின்னால் தள்ளப்பட்டது என்பது என் அபிப்பிராயம். விளைகிற ஊரில் நிற்கும்போது மென்மையான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது நகரத்துக் கடைவரை வந்து சேராது.

வீட்டில் வளர்க்க ஆசையா? குளிர்ந்த இடமாக இருந்தால், ரகத்தின் பெயர் சொல்லி விற்கிற நர்சரியில் ஓடுதண்டுக் கன்று வாங்குங்கள். 'நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை' என்று செல்போனில் படம் காட்டி விற்கிறார்களே, அதற்குக் காசு அனுப்பாதீர்கள். நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒரு ரகமே உலகத்தில் கிடையாது.

அந்த அம்மா போன வாரம் மறுபடி வந்தார். நர்சரியில் இரண்டு கன்று வாங்கி நட்டிருக்கிறாராம், ஐஸ்கிரீம் குச்சியில் ரகத்தின் பெயரை எழுதிச் செருகியும் வைத்திருக்கிறாராம். பழைய தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அதெப்படி ஐயா? அதுவும் ஓடுதண்டு விட்டிருக்கு. புளிச்சா என்ன, ஊறுகாய் போட்டுப் பார்க்கிறேன். அதுக்கும் ஒரு பேரு நீங்கதான் சொல்லணும்."

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.