குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? வீட்டுக் கவனிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"காலையிலேர்ந்து அஞ்சு தடவை வயித்தால போயிடுச்சு. நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க." மெடிக்கல் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்பவர் பயந்துபோய் வந்திருக்கிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் போவதை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், போனதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்க வேண்டும். குழந்தையைக் காப்பாற்றும் கேள்வி அதுதான்.

குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது. சில நாள்களில் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான் ஆபத்து. பெரியவர்கள் நாலைந்து தடவை போனால் சோர்ந்து படுப்பார்கள். எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே நாலைந்து தடவை பெரிய இழப்பு.

அந்த இழப்பை வீட்டில் இருப்பவர்களே ஈடுகட்ட முடியும் என்பதற்கு 1971ஆம் ஆண்டே சாட்சி. வங்கதேசப் போரின்போது அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்க எல்லை ஊரான பங்காவில் காலரா பரவியது. டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலநபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே குவளையில் பிடித்துக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு 2023இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது. அந்தக் கரைசலின் இன்றைய வடிவம்தான் ஓ.ஆர்.எஸ்.

படி 1: குழந்தையை உற்றுப் பாருங்கள்

எத்தனை தடவை போனது என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். கண்கள் குழி விழுந்திருக்கின்றனவா? அழும்போது கண்ணீர் வருகிறதா? நாக்கு வறண்டிருக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா?

பிறகு தோலைக் கிள்ளிப் பாருங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலிருந்து கீழாக மடிப்பு விழும்படி பிடியுங்கள். நகம் படக்கூடாது. ஒரு நொடி பிடித்துவிட்டு விடுங்கள். மடிப்பு உடனே மறைந்தால் நல்லது. மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடி தாண்டியும் மடிப்பு நின்றால் வீட்டில் தாமதிக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கும் நல்ல கொழுகொழு குழந்தைக்கும் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். அதனால் கண், நாக்கு, சிறுநீர், சுறுசுறுப்பு எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள்.

படி 2: சரியான பாக்கெட்டை வாங்குங்கள்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வகுத்த அளவில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி இந்த எண்களைத் தேடுங்கள். படிக்கத் தெரியாதவர் வாங்கப் போனால், கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் பல, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக்கடை அலமாரியிலேயே நின்றன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், உப்பு குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கைக் கூட்டிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. மிகத் தாமதமாக வந்தாலும் மிகத் தேவையான உத்தரவு. இருந்தாலும் பின்பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். இலவசமாகவே கிடைக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

படி 3: கரைப்பதில் கணக்குத் தவறக்கூடாது

கடைகளில் இரண்டு அளவுப் பாக்கெட் இருக்கிறது. பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. எது எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே பிரியுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது பெரிய ஆபத்து. இரத்தத்தில் உப்பு ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். பாதிப் பாக்கெட்டை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் என்று கண்ணால் பிரிப்பதும் வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு டம்ளர்கள் ஒன்றுபோல இருப்பதில்லை, அதனால் அளவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நம்புங்கள். பாக்கெட் முழுவதையும் கொட்டி, தூள் அடியில் தங்காதபடி கலக்குங்கள். பால், ஜூஸ், குளிர்பானம் எதிலும் கரைக்கக்கூடாது. கூடுதல் சர்க்கரை சேர்க்கக்கூடாது. கரைத்த பிறகு சுடவைக்கவும் கூடாது. மூடி வையுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

நள்ளிரவு, கடை எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் மட்டும் வீட்டுக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது. இதில் பொட்டாசியம் கிடையாது. விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

படி 4: கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுங்கள்

தண்ணீராகப் போகும் ஒவ்வொரு தடவைக்குப் பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேற்பட்டவர்கள் எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவு.

தாகத்தில் குழந்தை டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கும், குடித்த வேகத்தில் வாந்தி எடுக்கும். உடனே வீட்டில் யாராவது "வயித்துல தங்கல, குடுக்காதே" என்பார்கள். அதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் தொடருங்கள். வாந்தி எடுத்தாலும் உள்ளே போனதில் ஒரு பங்கு தங்கியிருக்கும். கைக்குழந்தைக்கு ஸ்பூனோ நன்றாகக் கழுவிய பாலாடையோ போதும். பால் புட்டி வேண்டாம், அதன் ரப்பரைச் சுத்தமாக வைத்திருப்பது கடினம்.

இது பொறுமை கேட்கும் வேலை. ஒருவர் கொடுக்க, இன்னொருவர் சமையலையும் மற்ற பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். தாய் ஒருத்தியே இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

படி 5: துத்தநாக மாத்திரையை மறக்காதீர்கள்

ஓ.ஆர்.எஸ். தெரிந்த வீடுகளில்கூட ஜிங்க் எனப்படும் துத்தநாக மாத்திரை தெரிவதில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி. ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டு மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாம். மொத்தம் 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். குடல் தேறவும், அடுத்த சில மாதங்களில் மறுபடி வராமல் இருக்கவும் உதவுவது இதுதான்.

படி 6: வயிற்றைக் காயப்போடாதீர்கள்

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். திட உணவு சாப்பிடும் குழந்தைக்கு இட்லி, குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், வாழைப்பழம், உப்புப் போட்ட கஞ்சி, மோர் எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் போக்கு நிற்காது, எடைதான் குறையும். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ். இடத்தை அது பிடிக்காது. கலர் சோடா, டப்பா ஜூஸ், அதிகச் சர்க்கரை போட்ட டீ, காப்பி வேண்டாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். குடலின் அசைவை அது முடக்கிவிடும். போன தடவை மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பையும் எடுக்காதீர்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

தொக்கம் எடுப்பது, உரம் எடுப்பது, சூடு வைப்பது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. தொண்டைக்குள் விரலை விடுவதும், ஊதி எடுப்பதும், தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் குழந்தைக்குக் காயத்தைத்தான் தரும். அங்கே செலவாகும் இரண்டு மணி நேரத்தில் இன்னும் நீர் வற்றியிருக்கும். பாட்டி அன்போடுதான் சொல்கிறார். அவரையே ஸ்பூனைப் பிடிக்கச் சொல்லுங்கள், அந்த அன்பு சரியான வழியில் போகும். "பல்லு முளைக்குது, அதான்" என்று விட்டுவிடுவதும் இதே வகைதான். தண்ணீராகப் போவதற்குப் பல் முளைப்பது காரணமல்ல.

எப்போது மருத்துவமனை?

மலத்தில் இரத்தம். எதைக் கொடுத்தாலும் வாந்தி. குடிக்கவே முடியாத நிலை. எழுப்பினாலும் எழாத மயக்கம். வலிப்பு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. அதிகக் காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள், வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் போக்கு என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். போக்கு 14 நாளைத் தாண்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

"எனக்குச் சுகர் இருக்கு, ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. 200 மில்லியில் இருப்பது மூன்று கிராமுக்கும் குறைவான குளுக்கோஸ். போக்கு இருக்கும்போது குடிக்கலாம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.

மறுபடி வராமலிருக்க

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு மையங்களில் 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசம். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், குழந்தையைக் கழுவிவிட்ட பிறகும், சோறு ஊட்டும் முன்பும் சோப்பு. குழந்தையின் மலத்தைக் கழிப்பறையிலேயே கொட்டுங்கள்.

தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த இரண்டு எண்களையும் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இன்று கடைக்குப் போகும்போது இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, காலாவதித் தேதி பார்த்து வீட்டில் வையுங்கள்.