அடுத்த வீட்டுச் சொற்கள்

எங்கள் வகுப்பில் நான்கு பாத்திமாக்கள் இருக்கிறோம். வகுப்புக்குள் ஆளுக்கொரு செல்லப்பெயர் உண்டு. பரீட்சை மண்டபத்தில் அது செல்லாது. அங்கே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது சுட்டெண் மட்டுமே. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் விடயம் ஏறக்குறைய இதுதான். ஆனால் அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மலரின் அட்டைப்படம் கெட்டுப்போக வேண்டியிருந்தது.

சென்ற வருடம் மன்ற மலருக்கு ராத்தாவும் நானும் இன்க்ஸ்கேப் மென்பொருளில் அட்டை வரைந்தோம். பூவேலை, கட்டடம், எழுத்து என்று மூன்று லேயர்கள். இன்க்ஸ்கேப் படத்தை எஸ்.வி.ஜி. வடிவில் சேமிக்கிறது. அது எக்ஸ்.எம்.எல். விதிகளின்படி எழுதப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறேன் என்ற துணிச்சலில், அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முதல் நாள் இரவு அதைத் திறந்து பார்த்தேன். மேலே ஐந்தாறு இணைய முகவரிகள் இருந்தன. “இவை எதற்கு?” என்று படத்துக்குரிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அழித்துச் சேமித்தேன். பழைய பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவும் இல்லை. நான் செய்துகொண்டிருந்த வலைப்பக்கத்துக்குள் அந்தப் படத்தின் வரிகளை ஒட்டிப் பார்த்தேன். படம் அழகாகத் தெரிந்தது. மறுநாள் காலை, கோப்பு திறக்கவில்லை என்று அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது.

நான் அழித்தவை பெயர்வெளி அறிவிப்புகள். எக்ஸ்.எம்.எல். 1998 இல் வெளிவந்தபோது குறிகளுக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம் என்றிருந்தது. இரண்டு பேரின் சொற்கள் ஒரே கோப்பில் கலந்தால் குழப்பம். உதாரணமாக, எஸ்.வி.ஜி.யில் ‘டைட்டில்’ என்றொரு குறி உண்டு. அது படத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் சூட்டுவது. நூலக விபரங்களுக்கான டப்ளின் கோர் சொற்தொகுதியிலும் ‘டைட்டில்’ உண்டு. அது ஆக்கத்தின் தலைப்பு. இன்க்ஸ்கேப் கோப்பு ஒன்றில் இரண்டுமே வரலாம். இதற்காகவே 1999 ஜனவரியில் பெயர்வெளி விதிகள் வந்தன. ஒவ்வொரு சொற்தொகுதிக்கும் ஒரு முகவரி. அந்த முகவரிக்குக் கோப்பின் உள்ளே ஒரு சிறிய முன்னொட்டு. முன்னொட்டு எங்கள் செல்லப்பெயர் போன்றது, எதுவும் வைக்கலாம். முகவரிதான் சுட்டெண். அது இணைய முகவரி போலத் தோன்றினாலும் படத்தைத் திறக்கும்போது யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. டேட்டா செலவாகும் என்று நான் பயந்தது வீண்.

முகவரிகளை அழித்த நான், உள்ளே நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்த ‘இன்க்ஸ்கேப்’ என்ற முன்னொட்டை அப்படியே விட்டிருந்தேன். யாரென்று சொல்லப்படாத முன்னொட்டைக் கண்டதும் மேலோடியே அந்தக் கோப்பில் பிழை என்று வரி எண்ணோடு சொல்லியது. அப்படியானால் வலைப்பக்கத்தில் எப்படித் தெரிந்தது? சாதாரண எச்.டி.எம்.எல். பக்கத்தை வாசிக்கும் முறையில் இந்த முன்னொட்டு விதி இல்லை. அங்கே அது பெயரின் நடுவில் வரும் ஒரு முக்காற்புள்ளி, அவ்வளவுதான். நான் பரிசோதித்த இடமே பிழை.

இனி முக்கியமான கேள்வி. தனக்குத் தெரியாத சொல் ஒன்று, முறைப்படி அறிவிக்கப்பட்டு வந்தால், எஸ்.வி.ஜி. வாசிக்கும் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? 2001 இல் வந்த அந்தத் தரத்தின் பதில் தாராளமானது: கோபப்படாதே, தூக்கி எறியாதே, ஆவண மரத்தில் வைத்துக்கொள், ஆனால் வரையாதே.

‘வரையாதே’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. அயல் பெயர்வெளிக் குறி ஒன்றுக்குள் ஒரு வட்டத்தை வைத்தால், வட்டம் எஸ்.வி.ஜி.யின் சொந்தச் சொல்லாக இருந்தும் மேலோடியில் தெரியாது. தாய்க்குறி வரையப்படாதபோது பிள்ளைகளும் வரையப்படுவதில்லை. இன்க்ஸ்கேப் லேயர்களை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தபோது எனக்கு வியப்பு வந்தது இதனால்தான். ‘லேயர்’ என்று ஒரு புதுக் குறியை அது உண்டாக்கவில்லை. எஸ்.வி.ஜி.யின் சொந்தக் குழுக் குறியையே எடுத்து, ‘இது லேயர்’, ‘இதன் பெயர் பூவேலை’ என்ற இரண்டு செய்திகளையும் தன் முன்னொட்டுடைய பண்புகளாக ஒட்டியிருந்தது. மேலோடி அந்தப் பண்புகளைக் கவனிக்காமல் குழுவை வரைகிறது. இன்க்ஸ்கேப் அதே வரியில் லேயரைக் காண்கிறது. (முன்னொட்டில்லாத பண்புகள் எந்தப் பெயர்வெளியையும் சேர்ந்தவை அல்ல என்றும் ஒரு விதி உண்டு. அதை நான் மூன்று முறை வாசித்த பிறகுதான் நம்பினேன்.)

அயல் உள்ளடக்கம் உண்மையிலேயே படத்தில் தெரிய வேண்டுமென்றால், அதற்கு ‘பொரின் ஒப்ஜெக்ட்’ என்ற தனி இடம் உண்டு. எச்.டி.எம்.எல். பந்தி ஒன்றை அதற்குள் வைத்தால் மேலோடி காட்டும். எல்லா மென்பொருளும் அதைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அச்சுக்குப் போகும் படத்தில் நான் அதைத் தொடமாட்டேன்.

“வெறும் எஸ்.வி.ஜி. என்று சேமித்துக் கொடுத்திருக்கலாமே” என்றாள் ராத்தா. சேமிக்கலாம். அந்தத் தெரிவு இன்க்ஸ்கேப்பின் அயற்சொற்களை முறையாக நீக்கிவிடும், அறுந்த முன்னொட்டு எதுவும் மிஞ்சாது. ஆனால் லேயர்கள் வெறும் குழுக்களாகிவிடும். திருத்துவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என இரண்டு கோப்புகள் வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று, அதுவும் உடைந்தது.

அறிவிப்புகளை நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். கோப்பு திறந்தது. படம் முழுமையாக இருந்தது, லேயர்கள் மட்டும் இல்லை. உம்மா இரண்டு தடவை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், இரண்டும் ஆறிப்போயின. கடைசியில் வேறொரு பழைய படத்தைத் திறந்து, முகவரிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். இன்க்ஸ்கேப்பின் முகவரியில் தொடக்கத்தில் வரும் மூன்று ‘டபிள்யூ’க்களை நான் விட்டிருந்தேன். செல்லப்பெயர் சரி, சுட்டெண் பிழை. இன்க்ஸ்கேப் தன் சொற்களையே அயலார் சொற்களென்று பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தது. மூன்று எழுத்துகளையும் சேர்த்துச் சேமித்து மறுபடி திறந்தேன். பூவேலை, கட்டடம், எழுத்து மூன்றும் பட்டியலில் நின்றன. அட்டை அன்று பின்னேரமே அச்சகத்துக்குப் போனது.